அறிவித்தலில் விடுபட்ட பெயர்

(மாதாந்த உரை வரிசையில் எமது வானொலியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்துவடிவம்)



இந்த மாதம் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் எங்கள் சமூகத்தில் தங்களை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வாழ்வதைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு தங்கச்சி மெதுவாகச் சொன்னா, "அண்ணை, அது பின்னேரம் எல்லாரும் குடும்பமா இருந்து கேக்கிற நேரம்." "குடும்பமாகக் கேட்கிற நேரம் என்றபடியால்தான் பிள்ளை, அந்த நேரத்தில் பேச வேணும்" என்றேன். நிலையத்தார் சம்மதித்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். இருபது வருடங்களுக்கு மேலாக இங்கே மரண அறிவித்தல் வாசிப்பவன் நான். ஸ்காபரோவில் மீன் கடையில் நின்று விளைமீன் என்ன விலை என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். "நீங்கள்தானே செத்தவீட்டு அறிவித்தல் வாசிக்கிறவர்?" என்பார். பெருமைப்படுவதா கவலைப்படுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதி காலமானார். அன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்பு மைத்துனரும், இன்னாரின் ஆசை மாமாவும் ஆவார். மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திமார் எல்லாரும் வருவார்கள். லண்டனில் இருக்கிற மச்சான், பரிசில் இருக்கிற பெறாமகள், ஊரில் இருக்கிற சித்தப்பா என்று உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கிற ஒரு குடும்பம், அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு முற்றத்தில் வந்து நிற்கும். ஒரு பெயர் விடுபட்டால் உடனே நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்பு வரும். "என்ர பேரை ஏன் விட்டனீங்கள்?" என்று சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். இறந்தவருக்கு நான் யார் என்று ஊரறியச் சொல்லும் கடைசிச் சந்தர்ப்பம் அது.

2014ஆம் ஆண்டு தை மாதம். கடும் குளிர். ஒருவர் தன் தம்பியின் அறிவித்தலைக் கொண்டுவந்து தந்தார். இறந்தவருக்கு ஐம்பத்தொரு வயது, மாரடைப்பு. மகனும், சகோதரனும், மைத்துனரும், மாமாவும் என்று இருந்தது. மனைவி, பிள்ளைகள் இல்லை. திருமணம் செய்யாதவர் போலும் என்று நினைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் வாசித்தேன்.

அன்று இரவு நிலையத்துக்கு ஓர் அழைப்பு வந்தது.

"அண்ணை, நீங்கள் வாசிச்ச அறிவித்தல்ல ஒரு பிழை இருக்கு."

"என்ன பிழை தம்பி? திகதியா, மண்டபமா?"

"அதெல்லாம் சரி. ஒரு பேர் விடுபட்டுப் போச்சு."

"ஆற்ற பேர்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார், "என்ர பேர் அண்ணை."

உறவு முறை என்ன என்று வழக்கம்போலக் கேட்டேன். பேனையும் கையில் இருந்தது. அவர் சொன்னார், "பதினேழு வருசம் ஒண்டா இருந்தனாங்கள். அதுக்குத் தமிழில என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள்தான் தமிழ் தெரிஞ்சனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ."

நேயர்களே, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, அது குடும்பம் தீர்மானிக்க வேண்டிய விசயம். நாங்கள் தந்ததைத்தான் வாசிப்பம்" என்றேன். ஒரு வானொலிக்காரனாக அது சரியான பதில். அவர் "சரி அண்ணை, நன்றி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். கோபித்திருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த நன்றிதான் மறக்க விடவில்லை.

சில மாதம் கழித்து அவரைத் தேடிச் சந்தித்தேன். ஒரு கோப்பிக் கடையில் இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அவர் சொன்னவற்றை, பெயரும் ஊரும் தவிர்த்து உங்களுக்குச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார்.

மாரடைப்பு வந்த அன்று அம்புலன்சில் கூடப் போனவர் அவர். மூன்று நாள் வைத்தியசாலையில் இருந்தவரும் அவர்தான். இந்த மாகாணத்தில் 1996ஆம் ஆண்டின் சட்டமொன்று இருக்கிறது. நோயாளி நினைவில்லாமல் கிடந்தால் சிகிச்சை பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்று அது வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் வாழ்க்கைத் துணை பெற்றோருக்கும் சகோதரருக்கும் முன்னால் வருவார். ஆகவே வைத்தியர் இவரிடம்தான் கேட்டார். இயந்திரத்தை நிறுத்தலாம் என்று கையெழுத்து வைத்தவரும் இவர்தான். அதுவரைக்கும் ஆள் தேவைப்பட்டது. உடல் மலர்ச்சாலைக்குப் போனதும் தேவையில்லாமல் போயிற்று. பார்வைக்கு வைத்த அன்று கடைசி வரிசையில் போய் இருந்தாராம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "தம்பி, செத்தவரை உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டாராம். "ஓம், கூட வேலை செய்தவர்" என்று சொன்னாராம்.

நாட்டின் சட்டத்துக்கு அவர் யார் என்று தெரிந்திருந்தது. எங்கள் தமிழுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். "பாவம்தான். ஆரும் எப்பிடியும் இருக்கட்டும், எங்களுக்கு ஒண்டும் இல்லை. ஆனால் அதை ஏன் வெளியில காட்டிக்கொள்ள வேணும்? வீட்டுக்குள்ள வைச்சிருக்கலாம்தானே?" எங்கள் சமூகத்தில் நல்ல மனமுள்ளவர்கள் கூடச் சொல்வது இதுதான். கெட்ட மனமுள்ளவர்கள் சொல்வதைப் பற்றி நான் இன்று பேசவில்லை. இந்த நல்லவர்களின் சொல்லைப் பற்றித்தான் பேச வந்தேன்.

வெளியில் காட்டிக்கொள்வது என்றால் என்ன? போன கோடையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றைய பின்னேரம் முழுக்க இதையே கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். வந்த அழைப்பிதழில் "திரு, திருமதி" என்று என் பெயரும் மனைவி பெயரும். அன்பளிப்பு உறையின் மேல் இருவர் பெயரும் எழுதினோம். வாசலில் மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் சோடியாக நின்று வரவேற்றார்கள். பெரிய திரையில் மணமக்கள் நயாகராவில் கைகோத்து நிற்கும் படம். மேசையில் ஒரு அக்கா தன் கணவரைக் காட்டி, "இவருக்கு இப்ப சீனி, ஒண்டும் சாப்பிட விடுறேல்லை" என்றா. இன்னொருவர் தன் மகளுக்குச் சம்பந்தம் பேசியதைச் சொன்னார். தாலி, மெட்டி, குங்குமம், மோதிரம். இவ்வளவும் ஒரே பின்னேரத்தில். ஒருவராவது "நீங்கள் புருசன் பெண்சாதி எண்டதை ஏன் வெளியில காட்டுறியள்?" என்று கேட்டாரா? நாங்கள் காட்டுவதை நாங்கள் காண்பதில்லை, அவ்வளவுதான்.

அதே மண்டபத்தில் ஒருவன் தன் துணைவனைக் காட்டி, "இவருக்கும் சீனி, சோறு குறைக்கச் சொல்லியிருக்கு" என்று சொன்னால், அது காட்டிக்கொள்வது ஆகிவிடும். சொன்ன விசயம் ஒன்றுதான்.

அந்தத் தம்பி எனக்கு இன்னொன்று சொன்னார். வேலைக்குப் போனால் திங்கட்கிழமை எல்லாரும் வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். தமிழ் ஆட்களோடு கதைக்கும்போது அவர் "நாங்கள்" என்று சொல்ல மாட்டாராம். "நாங்கள்" என்றால் அடுத்த கேள்வி "ஆரோட?" என்று வரும். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. "நேற்று எங்க போனது?" "கடைக்குப் போனது." "சாப்பாடு?" "வீட்டிலதான் சமைச்சது." யார் போனது, யார் சமைத்தது என்று சொல்லத் தேவையில்லை. பதினேழு வருடம் அப்படியே பேசிப் பழகிவிட்டாராம். "அண்ணை, நாங்கள் எண்ட சொல்லு எனக்கு வாயில வராது" என்றார். நான் தமிழ் படிப்பித்தவன். என் மொழியை ஒருவன் இப்படி ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தியிருக்கிறான் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

சொல் என்று வந்துவிட்டபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரிகைகளில் நெடுங்காலம் "ஓரினச் சேர்க்கையாளர்" என்று எழுதினார்கள். அந்தச் சொல் ஒரு மனிதனைப் படுக்கையறைக்குள் மட்டும் நிறுத்தி வைத்துப் பார்க்கிறது. சீனி வருத்தக்காரனுக்குச் சோறு குறைத்துப் போடுகிறவனை அந்தச் சொல்லுக்குத் தெரியாது. "தன்பாலீர்ப்பு" என்பது இப்போது பலரும் பயன்படுத்தும் சொல். ஈர்ப்பு என்றால் மனம் போகிற பக்கம். கணவன் மனைவி இருவரை நாங்கள் "சேர்க்கையாளர்" என்று அறிமுகப்படுத்துவதில்லையே.

அடுத்ததாக, "இது வெள்ளைக்காரரின் பழக்கம், இந்த நாட்டுக்கு வந்து பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்" என்று சொல்வோம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு பிரித்தானியர் கொண்டுவந்தது. அதன் 365, 365அ பிரிவுகள்தான் இதைக் குற்றமாக்கின. இந்தியாவின் 377ஆம் பிரிவும் அவர்கள் 1860இல் எழுதியதே. இங்கிலாந்து தன் நாட்டில் 1967இல் அந்தச் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம். இலங்கையில் 1995இல் அதைத் திருத்தியபோது பெண்களையும் உள்ளே சேர்த்தார்கள். 2023 மே மாதத்தில்தான், இதைக் குற்றமல்ல என்று ஆக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று இலங்கை உயர் நீதிமன்றம் கூறியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி, வயது வந்தோர் சம்மதத்துடன் வாழ்வதைக் குற்றமென்று கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆக, வெள்ளைக்காரன் எங்களுக்குத் தந்தது பழக்கத்தை அல்ல, சட்டத்தை.

ஊரில் இப்படி யாரும் இருக்கவில்லை என்கிறோம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இரண்டு ஆசிரியைகள் ஒரே வீட்டில் முப்பது வருடம் இருந்தார்கள். இருவரும் கல்யாணம் செய்யவில்லை. ஒருவர் இறந்தபோது மற்றவர் மூன்று மாதம் வெளியில் வரவில்லை. "பாவம், நல்ல சிநேகிதம்" என்று அம்மா சொல்வா. அவர்கள் யார் என்று நான் இன்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆனால் கேட்காதபடியால் இல்லை என்று ஆகிவிடாது.

எங்கள் சமூகத்தின் கதையை வெளிப்படையாக எழுதியவரும் உண்டு. கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்தின் பின்னர் குடும்பத்துடன் கனடாவுக்கு வந்த ஷியாம் செல்வதுரை 1994இல் "ஃபனி போய்" என்ற நாவலை வெளியிட்டார். தன்பாலீர்ப்புள்ள ஒரு தமிழ்ச் சிறுவன் வளரும் கதையும், கொழும்பு எரிவதற்கு முந்திய காலத்தின் கதையும் ஒன்றாக வருகிற நூல் அது. 2020இல் தீபா மேத்தா அதைத் திரைப்படமாக்கினார். கலவரத்தைப் பற்றி எழுதியதற்காக அந்த நூலைப் புகழ்ந்த எங்களில் பலர், மற்றப் பாதியைப் பற்றிப் பேசாமல் கடந்துபோனோம்.

இந்த நாட்டின் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். கனடாவும் முதலில் சொன்னது "வீட்டுக்குள் என்றால் சரி" என்பதுதான். 1969இல் திருத்திய சட்டம், 21 வயதுக்கு மேற்பட்ட இருவர் தனிமையில் இருந்தால் குற்றமில்லை என்றது. அது போதும் என்று பலர் நினைத்தார்கள். போதவில்லை. 1981 பெப்ரவரி 5ஆம் திகதி இரவு ரொறன்ரோப் பொலிஸார் நான்கு குளியல் விடுதிகளுக்குள் புகுந்து சுமார் 300 ஆண்களைக் கைது செய்தார்கள். அடுத்த நாள் இரவு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அந்தச் சம்பவத்துக்காகப் பொலிஸ் தலைமை அதிகாரி வருத்தம் தெரிவித்தது 2016இல். ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டத்தில் 1986இல்தான் இவர்களுக்குப் பாதுகாப்பு வந்தது. 1999இல் கனடிய உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பின் பின்னர் இந்த மாகாணம் 67 சட்டங்களைத் திருத்தியது. 2003 யூன் 10ஆம் திகதி ஒன்ராறியோவில் திருமணம் செய்யலாம் என்று ஆனது. 2005 யூலையில் முழுக் கனடாவுக்கும் அது சட்டமானது. வீட்டுக்குள் என்ற சலுகையில் இருந்து வாசலுக்கு வர முப்பத்தாறு வருடம் எடுத்தது.

அந்தத் தம்பியிடம் கேட்டேன், "2003இல சட்டம் வந்திட்டுதே, ஏன் நீங்கள் கலியாணம் எழுதயில்லை?" அவர் சிரித்தார். "எங்கட வீட்டுக்காரர் ஒருதரும் வராத கலியாணத்துக்கு ஆரைக் கூப்பிடுறது அண்ணை?"

சட்டம் செய்யக்கூடியது ஒரு பங்கு. மண்டபத்துக் கதிரையில் வந்து இருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இன்னொரு விசயம், இது கொஞ்சம் கடுமையானது. "ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சால் சரிவரும்" என்று நினைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். மகன் சொல்லிவிட்டான், அல்லது சொல்லாமலே விளங்கிவிட்டது. உடனே ஊரில் பெண் பார்க்கிறோம். பொன்சர் செய்து கூப்பிடுகிறோம். அந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாமல் வந்து இறங்குகிறாள். மொழி தெரியாத ஊரில், தன்னைத் திரும்பிப் பார்க்காத ஒருவனோடு, என்னில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருக்கிறாள். மகனின் வாழ்க்கையை ஒளிக்கப் போய் யாரோ பெற்ற பெண்ணின் வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டோம். இது மானமா?

மருந்து இருக்கிறதா என்று தேடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதி இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லிச் செய்யும் சிகிச்சை கனடாவில் 2022 சனவரி 7 முதல் குற்றம். சென்னை உயர் நீதிமன்றமும் 2021 யூன் 7ஆம் திகதி அப்படியான முயற்சிகளைத் தடை செய்தது. மதுரையில் இருந்து ஓடிவந்த இரண்டு இளம் பெண்களின் வழக்கு அது. அதில் எனக்குப் பிடித்தது தீர்ப்பை விட நீதிபதி நடந்துகொண்ட விதம். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விசயத்தில் போதிய விளக்கமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் இருந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே தீர்ப்பு எழுதினார். நீதிபதி ஒருவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம் என்றால், நாங்களும் சொல்லலாம். அதே நீதிமன்றம் 2025 மே மாதத்தில், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றுதான் வழியென்று இல்லை என்றும் கூறியிருக்கிறது.

நேயர்களே, "காட்டிக்கொள்ளாதே" என்ற சொல் எங்களுக்குப் புதிதா? 2009 மே 10ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆட்கள் பிள்ளைகளையும் வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு கார்டினர் அதிவேக வீதியில் ஏறி நின்றார்கள். நானும் நின்றேன். அடுத்த நாள் வேலையில் ஒரு நல்ல மனிதர், எனக்குக் கெடுதல் நினைக்காதவர், சொன்னார்: "உங்கள் துக்கம் விளங்குது. ஆனால் அதை ஏன் எங்கள் வீதியில் காட்ட வேணும்?" அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வீட்டுக்குள் அழு, வெளியில் ஒன்றும் நடக்காததுபோல் இரு என்று ஒரு மனிதனுக்குச் சொல்வது எவ்வளவு பாரம் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், ஐந்து வருடம் கழியவில்லை, அதையே நான் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

பெற்றோரின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. கோயிலில் என்ன கதைப்பார்கள், மற்றப் பிள்ளைக்குச் சம்பந்தம் வருமா, ஊரில் இருக்கிற அம்மம்மா தாங்குவாவா என்றெல்லாம் யோசிப்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்குவது யார்? நானும் நீங்களும்தான். ஒரு வீட்டில் பிள்ளை சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டால், அந்த வாரம் அந்த வீட்டுக்கு ஒரு ரீ குடிக்கப் போங்கள். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போகாதீர்கள். வழக்கம்போலப் போங்கள். "தம்பி எப்பிடி இருக்கிறான்? அவன்ர ஆளையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லுங்கள். எல்லாப் பிள்ளையும் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர்களின் விருப்பம். ஆனால் சொல்லாமல் இருப்பது விருப்பமாக இருக்க வேண்டும், பயமாக இருக்கக் கூடாது.

கேட்டுக்கொண்டிருக்கும் சோடிகளுக்கு நடைமுறையில் ஒன்று. ஆண் பெண் சோடியானாலும் சரி, ஒரே பாலினச் சோடியானாலும் சரி, ஒன்ராறியோவில் திருமணம் எழுதாமல் ஒன்றாக வாழ்பவருக்கு, மரணசாசனம் இல்லாமல் துணை இறந்தால், சொத்து தானாக வந்து சேராது. எத்தனை வருடம் வாழ்ந்தாலும் சரி. உரிமை கோரி நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆகவே மரணசாசனம் எழுதுங்கள். அதில் நிறைவேற்றுநராக யாரை நியமிக்கிறீர்களோ அவருக்குத்தான் ஈமக்கிரியைகளைத் தீர்மானிக்கும் பொறுப்பும் போகும். அந்தத் தம்பி இருந்த வீடு மற்றவரின் பெயரில் இருந்தது. மரணசாசனம் இல்லை. அவர் வழக்குப் போடவில்லை. வசந்தகாலம் தொடங்க முதல் நான்கு பெட்டியோடு வெளிக்கிட்டுவிட்டார்.

கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்து, இறந்தவரின் அண்ணன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அறிவித்தலைக் கொண்டுவந்தார். வாசித்துப் பார்த்தேன். கடைசி வரியில் அந்தத் தம்பியின் பெயர் இருந்தது. "உற்ற நண்பர்" என்று போட்டிருந்தது. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணை, இப்போதைக்கு இவ்வளவும்தான் என்னால ஏலும். அம்மா இருக்கிறா" என்றார். அந்தத் தாளை எழுத அவருக்கு ஒரு வருடம் எடுத்திருக்கிறது என்று விளங்கியது. நான் வாசித்தேன். அந்தப் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன்.

அன்று இரவும் அழைப்பு வந்தது. "கேட்டனான் அண்ணை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமா என்று நான் கேட்கவில்லை. போதாது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் அறிவித்தல் கொண்டுவந்தாலும், வாங்கி வாசித்துவிட்டுக் கேட்பேன்: "இறந்தவருக்கு வேண்டிய ஆற்றையாவது பேர் விடுபட்டிருக்கோ? ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ." பெரும்பாலும் ஒரு பேரப்பிள்ளையின் பெயரோ, ஒரு பெரியம்மாவின் பெயரோ வரும். ஒரே ஒரு தடவை, ஒரு தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் கையில் இருந்த பேனையை வாங்கித் தன் மகளின் பெயருக்குக் கீழே இன்னொரு பெண்ணின் பெயரை எழுதினா. "என்ன முறை எண்டு போடுறது அம்மா?" என்று கேட்டேன். "வாழ்க்கைத்துணை எண்டு வாசியுங்கோ" என்றா.

வாசித்தேன். நிலையத்துக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. வானம் இடிந்து விழவில்லை.

2014இல் என்னிடம் கேட்ட கேள்விக்கு அந்தத் தாய்தான் பதில் சொன்னா. தமிழில் சொல் இருந்தது. வாசிக்கத்தான் என்னிடம் துணிவு இருக்கவில்லை.

 மாறுபட்ட கருத்துள்ளவர்கள் நிலையத்துக்கு எழுதுங்கள், அல்லது என்னை மீன் கடையில் கண்டால் மறித்துக் கதையுங்கள்.